ஏ.டி.பி.எல். தாள்கள்: ஷாக் வேவையும் ஹைட்ராலிக்கையும் சேர்த்தே படியுங்கள்

கேள்வி: சிறிய பிஸ்டன் விமானங்களில் பறந்து வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டேன். இப்போது ஏ.டி.பி.எல். (பெரிய பயணிகள் விமானத்துக் கேப்டன் ஆவதற்கான உரிமம்) எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன். அதிவேக ஏரோடைனமிக்ஸ், பெரிய விமானங்களின் சிஸ்டம்ஸ் இந்த இரண்டும்தான் மலையாக நிற்கின்றன. மாக் எண், ஷாக் வேவ், மாக் டக் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மாட்டிக்கொள்கிறேன். பெரிய விமானத்தின் காக்பிட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை என்பதால் சிஸ்டம்ஸ் வெறும் குழாய்ப் படங்களாகவே தெரிகிறது. கேள்வித் தொகுப்புகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதுமா? கணக்கு எவ்வளவு வேண்டும்? இரண்டு தாள்களையும் ஒரே சமயத்தில் எழுதலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. கேள்வித் தொகுப்பை மட்டும் உருப்போட்டுத் தாளைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலரை அப்புறம், ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டக் கற்றுத்தரும் டைப் ரேட்டிங் வகுப்பில் என் எதிரில் பார்க்கிறேன். ஹைட்ராலிக் விளக்கு எரிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று செக்லிஸ்ட் பார்த்து வாசிப்பார்கள். அது ஏன் என்று கேட்டால் அமைதி. டைப் ரேட்டிங்கில் இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர நேரம் இருக்காது. ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் அந்த வகுப்பே ஆரம்பிக்கும்.

கேள்வியைத் திருப்பினால் மாட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது. முடிவுகள் மனதில் இருக்கின்றன, அவற்றுக்கு இட்டுச்செல்லும் வழி இல்லை. இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். இரண்டையும் தனித்தனிப் பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய விமானத்தில் இருக்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல், யாரோ உயரமாகவும் வேகமாகவும் பறக்கப்போய் ஒரு சிக்கலில் மாட்டியதால் வந்தவை. ஏரோடைனமிக்ஸ் புத்தகத்தில் சிக்கலைப் படித்த அன்றே சிஸ்டம்ஸ் புத்தகத்தைத் திறந்து, அதற்கு என்ன பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். எப்படி என்று கொஞ்சம் செய்தே காட்டுகிறேன்.

ஒலியின் வேகத்திலிருந்து தொடங்குவோம். இறக்கை வருகிறது என்ற செய்தி முன்னால் இருக்கும் காற்றுக்கு அழுத்த அலையாகப் போய்ச் சேர்கிறது. அந்த அலை போகும் வேகம்தான் ஒலியின் வேகம். விமானத்தின் வேகம் அதில் எத்தனை பங்கு என்பதுதான் மாக் எண். நீங்கள் இதுவரை ஓட்டிய விமானங்களில் செய்தி வெகு முன்னாலேயே போய்விடும், காற்று சாவகாசமாக விலகி வழிவிடும். மாக் 0.4க்குக் கீழே அமுங்குதன்மையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அதனால்தான். ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. கெல்வினில் வெப்பநிலையை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 38.94ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். திட்ட வளிமண்டலத்தில் கடல்மட்டத்தில் 15 டிகிரிக்கு 661 நாட். 36,000 அடியில் மைனஸ் 56.5 டிகிரிக்கு 573 நாட். நீங்கள் மேலே போகப்போக எல்லைக்கோடு உங்களைத் தேடிக் கீழே இறங்கி வருகிறது. அழுத்தம், அடர்த்தி என்று விடைகளில் தூவியிருப்பார்கள், ஏமாறாதீர்கள்.

இதைப் பிடித்துக்கொண்டால் ஏறுதல், இறங்குதல் கேள்விகள் எல்லாம் ஒரே படத்தில் அடங்கிவிடும். ஒரு தாளில் உயரத்தைச் செங்குத்தாகப் போட்டு சி.ஏ.எஸ். (கருவி காட்டுவதில் பிழை திருத்திய வேகம்), டி.ஏ.எஸ். (காற்றில் உண்மையான வேகம்), மாக் என்று இடமிருந்து வலமாக மூன்று கோடுகள் வரையுங்கள். ஒரே சி.ஏ.எஸ்.ஸில் ஏறினால் அந்தக் கோடு நிமிர்ந்து நிற்கும். மற்ற இரண்டும் வலப்பக்கம் சாயும், மாக் அதிகமாகச் சாயும். ஒரே மாக்கில் ஏறினால் மாக் நிமிர்ந்து நிற்கும், மற்ற இரண்டும் இடப்பக்கம் சாயும். இறங்குவதற்கு அதே படத்தை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதுதான். 300 நாட்டில் ஏறி மாக் 0.78க்கு மாறும் விமானத்துக்கு அந்த மாற்றம் சுமார் 29,000 அடியில் நடக்கும். கேள்வி தயாரிப்பவர்களுக்குப் பிடித்த பொறி ஒன்று இங்கே உண்டு. டிரோபோபாஸுக்கு (உயரப் போகப்போகக் குளிர்வது நின்றுவிடும் எல்லை) மேலே வெப்பநிலை மாறாது, ஆகவே ஒரே மாக்கில் ஏறினால் டி.ஏ.எஸ்.ஸும் மாறாது. சி.ஏ.எஸ். மட்டும் குறையும். வழக்கமான படத்தை மனப்பாடம் செய்தவர் இங்கே விழுவார். வெப்பநிலை என்ன ஆகிறது என்று முதலில் கேட்பவர் விழமாட்டார்.

இப்போது சிஸ்டம்ஸ் பக்கம் போய்ப் பாருங்கள். மாக் மீட்டருக்கு வெப்பநிலை வேண்டுமா? வேண்டாம். மொத்த அழுத்தத்துக்கும் நிலை அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் கிடைத்தாலே மாக் எண் வந்துவிடும். டி.ஏ.எஸ். காட்டத்தான் ஏர் டேட்டா கம்ப்யூட்டருக்கு வெப்பநிலை தேவை. ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கருவி அளப்பது, காற்று மோதி நின்று சூடான மொத்த வெப்பநிலையை. கெல்வினில் எடுத்த நிலை வெப்பநிலையை, ஒன்றோடு மாக் வர்க்கத்தின் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிய தொகையால் பெருக்கினால் அது வரும். மைனஸ் 56.5 டிகிரியில் மாக் 0.80ல் பறந்தால் கருவி ஏறத்தாழ மைனஸ் 29 காட்டும். இந்த எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், எரிபொருள் பாடத்தில் மறுபடி வரும்.

அடுத்து ஷாக் வேவ் என்கிற அதிர்வலை. இறக்கையின் மேல்வளைவில் காற்று விமானத்தைவிட வேகமாக ஓடுகிறது. ஆகவே விமானம் மாக் 1ஐத் தொடுவதற்கு வெகு முன்பே அங்கே ஓரிடத்தில் காற்று மாக் 1ஐத் தொட்டுவிடும். அப்போது விமானம் எந்த மாக்கில் பறக்கிறதோ அதுதான் கிரிட்டிகல் மாக் எண். அதைத் தாண்டினால் அந்த இடத்தில் மீயொலிப் பகுதி ஒன்று உருவாகி, அதன் பின்முனையில் அதிர்வலை நிற்கும். நேர் அதிர்வலையைக் கடந்ததும் காற்று ஒலிவேகத்துக்குக் கீழே விழுகிறது. நிலை அழுத்தம், அடர்த்தி, நிலை வெப்பநிலை மூன்றும் கூடுகின்றன. மொத்த அழுத்தம் குறைகிறது. மொத்த வெப்பநிலை மாறுவதில்லை. கடைசி இரண்டில்தான் எல்லோரும் குழம்புவார்கள். அதிர்வலை வெப்பத்தை உள்ளே விடுவதும் இல்லை, வெளியே தள்ளுவதும் இல்லை, ஆகவே மொத்த வெப்பநிலை அப்படியே இருக்கிறது. ஆனால் உராய்வில் வீணாவதுபோல ஆற்றலின் ஒரு பகுதி பயன்படுத்த முடியாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. அந்த இழப்பு மொத்த அழுத்தத்தில் தெரிகிறது, டிராக்காக நம் எரிபொருளைத் தின்கிறது.

வேகம் இன்னும் கூடினால் அதிர்வலை வலுத்துப் பின்னால் நகரும். அதன் காலடியில் அழுத்தம் திடீரென்று ஏறுவதால் இறக்கையை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம் பிய்ந்துகொள்ளும். விமானத்தை நடுக்கும் அதிர்வு தொடங்கும். அதிர்வலைக்குப் பின்னால், விமானத்தைச் சரிக்கும் ஏலரானை அசைத்தாலும் அந்த அழுத்த மாற்றம் மீயொலிப் பகுதியைத் தாண்டி முன்னால் போக முடியாது, அதனால் கட்டுப்பாடு மந்தமாகும். தூக்குவிசையின் மையம் பின்னால் போகும். பின்சாய்வு இறக்கையில் தடித்த வேர்ப்பகுதியில்தான் முதலில் தூக்குவிசை கெடும். வேர் முன்னால் இருப்பதால் மிச்சத்தின் மையம் இன்னும் பின்னால் தள்ளப்படும். வேர்ப்பகுதியிலிருந்து வாலுக்கு வரும் கீழ்நோக்கிய காற்றோட்டமும் குறையும், வால் கீழே அழுத்துவது தளரும். மூன்றும் சேர்ந்து மூக்கைக் கீழே தள்ளும். மூக்கு கீழே போனால் வேகம் கூடும், வேகம் கூடினால் மூக்கு இன்னும் கீழே. மாக் டக் என்று நீங்கள் மனப்பாடம் செய்தது இதைத்தான். இந்தச் சங்கிலியை ஒருமுறை உங்கள் வார்த்தையில் எழுதிவிட்டு, சிஸ்டம்ஸ் புத்தகத்தில் மாக் டிரிம் பக்கத்தைத் திறங்கள். மாக் ஏற ஏற மூக்கை மேலே தூக்கும் திசையில் தானாகத் திருத்தும் கருவி அது. போயிங் 737ல் வாலின் பின்விளிம்பில் இருக்கும் எலிவேட்டரை நகர்த்தும், வேறு சில விமானங்களில் வாலின் கிடை இறக்கையான ஸ்டெபிலைசரை. அது பழுதானால் சில விமானங்களில் மாக் வரம்பைக் குறைக்கச் சொல்வது ஏன் என்று இனி உங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1961 ஆகஸ்ட் 21 அன்று ஒரு டக்ளஸ் டிசி-8 பயணிகள் விமானத்தைச் சோதனைக்காக 50,000 அடிக்கு மேலே கொண்டுபோய், மூக்கைக் கீழே விட்டு மாக் 1.012 தொட்டார்கள். மீட்கும்போது வால்மீது விழுந்த பாரம் அதிகமாகி, ஸ்டெபிலைசரை நகர்த்தும் மோட்டார் அசையாமல் நின்றுவிட்டது. விமானி இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார். பாரம் தளர்ந்தது, மோட்டார் ஓடியது, விமானம் மீண்டது. ஏரோடைனமிக்ஸா, சிஸ்டம்ஸா? எந்தத் தாளில் இதைச் சேர்ப்பீர்கள்?

பின்சாய்வு இறக்கைக்கு வருவோம். 1935ல் ரோம் மாநாட்டில் அடால்ஃப் புசேமன் சொன்ன யோசனை எளிமையானது. இறக்கையைச் சாய்த்தால், அதற்குக் குறுக்காக வரும் காற்றின் கூறு மட்டும்தான் அதிர்வலை விஷயத்தில் கணக்கு. அதனால் கிரிட்டிகல் மாக் தள்ளிப்போகும். ஏர்பஸ் ஏ320க்குச் சாய்வு 25 டிகிரி, எம்.எம்.ஓ. (தாண்டக்கூடாத மாக் வரம்பு) 0.82. பழைய போயிங் 747க்கு 37.5 டிகிரி, 0.92. ஆதாயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் அதற்கான விலை. மெதுவான வேகத்தில் தூக்குவிசை போதாது, அதனால் முன்விளிம்பில் ஸ்லாட்டுகளும் பின்விளிம்பில் பெரிய ஃபிளாப்புகளும். காற்று நுனியை நோக்கி வழிந்து நுனி முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். நுனி பின்னால் இருப்பதால் தூக்குவிசை முன்னால் நகர்ந்து, தலை குனிய வேண்டிய நேரத்தில் மூக்கு நிமிரும். எஞ்சின்கள் பின்னால், வால் உச்சியில் என்ற அமைப்பு இதோடு சேர்ந்தால் டீப் ஸ்டால்: இறக்கையின் கலங்கிய காற்றில் வால் மூழ்கி வேலை செய்யாமல் போகும். 1963 அக்டோபரில் ஒரு பிஏசி ஒன்-லெவன் சோதனை விமானம் அப்படித்தான் மீளமுடியாமல் விழுந்தது. தானாக மூக்கைக் கீழே தள்ளும் ஸ்டிக் புஷர் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

டச் ரோலும் (மூக்கு இடம் வலமாக அலைய, இறக்கைகளும் மாறி மாறிச் சரியும் ஆட்டம்) இதே விலைப்பட்டியலில்தான் வரும். பின்சாய்வு பக்கவாட்டு நிலைப்பை மிகவும் கூட்டுகிறது, திசை நிலைப்பைச் சற்றுத்தான் கூட்டுகிறது. மேலே போனால் தணிப்பும் குறையும், ஒரே சி.ஏ.எஸ்.ஸில் டி.ஏ.எஸ். அதிகமாக இருப்பதால், அதே சுழற்சி வேகம் காற்று வரும் கோணத்தைக் குறைவாகத்தான் மாற்றும். அந்த ஆட்டத்தை அடக்கும் யா டாம்பர் பழுதானால் உயரத்தைக் குறைக்கச் சொல்லும் செக்லிஸ்ட்களின் காரணம் இந்த ஒரு வாக்கியம்.

உயரத்தில் இருபுறமும் சுவர் நெருங்கும் இடத்தை காஃபின் கார்னர் என்பார்கள். பெயர் பயமுறுத்தும், படம் எளிது. கீழ்வேக அதிர்வு ஒருபக்கம், மேல்வேக அதிர்வு மறுபக்கம். எடை கூடினாலும், சரிந்து திரும்பினாலும் இரண்டும் உள்ளே நெருங்கும். வழக்கமாக 1.3 ஜி (எடையைப்போல் 1.3 மடங்கு பாரம்) வரை அதிர்வு வரக்கூடாது என்று உயரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அது 40 டிகிரி சாய்வுக்குச் சமம். ஒன்றை 40 டிகிரியின் கோசைனால் வகுத்துப் பாருங்கள். இதில் மாணவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. மாக் கூடும்போது அதிகபட்சத் தூக்குவிசைக் குணகம் குறைகிறது, ஸ்டால் கோணமும் குறைகிறது. கீழே பயிற்சி விமானத்தில் பழகிய ஸ்டால் கோணம் மேலே செல்லாது. 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கின் மேலே ஏர் ஃபிரான்ஸ் 447க்கு நடந்ததைப் படிக்கும்போது, வேகத்தை அளக்க உதவும் பிடோட் குழாயில் பனிப்படிகம் அடைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். 35,000 அடியிலிருந்து சுமார் 38,000 அடிக்கு மூக்கைத் தூக்கி ஏறியபோது இந்த இடைவெளிக்கு என்ன ஆனது என்று வரைந்து பாருங்கள்.

சரி, சிஸ்டம்ஸ். குழாய்ப் படங்களாகத் தெரிகிறது என்கிறீர்கள். எல்லா விமானங்களின் படத்தையும் கலந்து படிப்பதால் அப்படித் தெரியலாம். ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். எது என்பது முக்கியமில்லை, நல்ல விளக்கப்படங்கள் கிடைப்பது போதும். அதை நன்றாகக் கற்று, மற்றவற்றை அதிலிருந்து எங்கே மாறுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது கேட்க வேண்டியது, இது போனால் என்ன மிச்சம் என்பதுதான். பம்ப் எத்தனை, வால்வு எத்தனை என்ற எண்ணிக்கை தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஏ320ன் ஹைட்ராலிக்கை எடுத்துக்கொள்கிறேன். பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று. மூன்றும் 3,000 பி.எஸ்.ஐ. பச்சைக்கு எஞ்சின் 1ன் பம்ப். மஞ்சளுக்கு எஞ்சின் 2ன் பம்ப், கூடவே ஒரு மின்பம்ப். நீலத்துக்கு மின்பம்ப், அவசரத்தில் ராட் என்கிற காற்றாடி. ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் கலக்கவே கலக்காது. எஞ்சின் 1 நின்றுபோனது என்று வையுங்கள். பச்சை அழுத்தம் விழும், 500 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வந்ததும் பி.டி.யு. என்ற கருவி மஞ்சளின் அழுத்தத்தைக் கொண்டு பச்சையை ஓட்டும். நாய் குரைப்பதுபோல் ஒரு சத்தம் கேபினில் கேட்குமே, அதுதான். ஆக, எஞ்சின் போனாலும் பச்சை போகவில்லை. இப்போது கேள்வியைத் திருப்புவோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பச்சையின் எண்ணெய் முழுவதும் கசிந்துவிட்டது. பி.டி.யு. காப்பாற்றுமா? அது கடத்துவது விசையை மட்டும், எண்ணெயை இல்லை. காலியான பக்கத்தில் வீணாகச் சுழன்று மஞ்சளைச் சூடாக்கும். அதனால்தான் அதை அணைக்கச் சொல்கிறார்கள். அப்புறம் பட்டியல் போடுங்கள்: சக்கரத்தைப் புவியீர்ப்பில் இறக்க வேண்டும், இறக்கியதை மேலே எடுக்க முடியாது. வழக்கமான பிரேக் போச்சு, மஞ்சளில் ஓடும் மாற்று பிரேக் இருக்கிறது. தரையிறங்கியதும் வேகத்தைக் குறைக்க உதவும் எஞ்சின் 1ன் ரிவர்சர் போச்சு. ஸ்லாட்டுக்குப் பச்சையும் நீலமும், ஃபிளாப்புக்குப் பச்சையும் மஞ்சளும் என்பதால் இரண்டும் வரும், மெதுவாக வரும். ஒரே விளக்கு எரிந்தாலும் காரணம் வேறென்றால் மிச்சமும் வேறு. இந்த ஒரு பயிற்சியை வெற்றுத்தாளில் புத்தகத்தைப் பார்க்காமல் செய்ய முடிந்தால், ஹைட்ராலிக்கில் உங்களை யாரும் அசைக்க முடியாது.

மூன்று தனித்தனி சிஸ்டம் இருந்தால் மூன்றும் ஒன்றாகப் போகாது என்று நினைக்கலாம். 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232, ஒரு டிசி-10. வால் எஞ்சினின் விசிறித்தட்டு உடைந்து சிதறியது. மூன்று சிஸ்டத்தின் குழாய்களும் அந்த இடத்தில் அருகருகே ஓடின, மூன்றும் அறுந்தன. படத்தில் வேறு வேறு வண்ணத்தில் தூரத் தூரமாக வரைந்திருப்பது, விமானத்துக்குள் எங்கே ஓடுகிறது என்பதையும் பாருங்கள்.

மின்சாரத்தை வேகமாகக் கடக்கலாம். 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ். அதிலிருந்து 28 வோல்ட் நேர்மின்னோட்டம். 400 ஹெர்ட்ஸ் ஏன் என்றால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சிறிதாக, இலேசாக இருக்கும். ஒவ்வொரு ஜெனரேட்டரையும் படத்தில் விரலால் மூடி, எந்த பஸ் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தடம்) உயிரோடு இருக்கிறது என்று சொல்லிப் பழகுங்கள். பேட்டரி மட்டும் மிஞ்சும் நிலைவரை போங்கள்.

கேபின் அழுத்தத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எஞ்சினிலிருந்து வரும் சூடான பிளீட் காற்றை பேக் என்ற கருவி குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது; உள்ளே வருவது ஏறக்குறைய ஒரே அளவு. அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெளியேறும் வழியில் இருக்கும் அவுட்ஃப்ளோ வால்வு. போயிங் 787ல் கேபின் காற்றுக்கு எஞ்சினைக் கேட்பதில்லை, மின்சாரக் கம்ப்ரசர்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. ஆனால் வால்வின் வேலை அங்கேயும் அதேதான். 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522, ஒரு போயிங் 737-300, அழுத்தத் தேர்வு விசை மேனுவலில் இருந்தபடியே கிளம்பியது. ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. அதே ஒலிதான் தரையில் டேக்-ஆஃப் அமைப்பு சரியில்லை என்பதற்கும் ஒலிக்கும். காக்பிட்டில் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். 121 பேர் இறந்தார்கள். எச்சரிக்கைப் பட்டியலைப் படிக்கும்போது, இந்தச் சத்தம் தரையில் என்ன, வானில் என்ன என்று இரண்டு கட்டம் போட்டுப் படியுங்கள்.

எரிபொருளில் அந்த மைனஸ் 29க்கு வருகிறேன். ஜெட் ஏ-1ன் உறைநிலை மைனஸ் 47. வெளியே மைனஸ் 56 இருக்க, நீண்ட பயணத்திலும் டாங்கி உறையாமல் இருப்பது எப்படி? டாங்கியின் மேற்பரப்பு உணர்வது, ஏறக்குறைய மோதிச் சூடான காற்றை. ஆகவே எரிபொருள் வெப்பநிலை வரம்பை நெருங்கினால் இரண்டு வழி: சூடான உயரத்துக்கு இறங்குவது, அல்லது வேகத்தைக் கூட்டுவது. மாக் 0.01 கூட்டினால் சுமார் 0.7 டிகிரி கிடைக்கும். மேலே சொன்ன சூத்திரத்தில் 0.80, 0.81 இரண்டையும் போட்டுப் பாருங்கள். எரிபொருள் பாடத்தின் இன்னொரு பெரிய கேள்வி கிராஸ்ஃபீட், அதாவது ஒரு பக்க டாங்கியிலிருந்து மறுபக்க எஞ்சினுக்கு எரிபொருள் விடும் வால்வு. 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட் 236 என்ற ஏ330ல் வலது எஞ்சின் பக்கம் கசிவு. திரையில் தெரிந்ததோ எரிபொருள் சமமின்மை. கிராஸ்ஃபீடைத் திறந்தார்கள், இடது பக்க எரிபொருளும் கசிவு வழியே போனது. இரண்டு எஞ்சினும் நின்று, அஸோர்ஸ் தீவில் கிளைடராக இறங்கி எல்லோரும் பிழைத்தார்கள். வால்வை எப்போது திறப்பது என்று படிப்பதற்கு முன் எப்போது திறக்கக்கூடாது என்று படியுங்கள்.

இரண்டு தாளையும் சேர்த்துப் படித்தது வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு கணக்குத் தருகிறேன். 37,000 அடி, மாக் 0.78, கேபின் அழுத்தம் போய்விட்டது. 35,000 அடியில் தெளிவாக யோசிக்க அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான், ஆகவே முகமூடி முதலில். பயணிகளின் ரசாயன ஆக்சிஜன் 12 முதல் 15 நிமிடம் வரும், ஆகவே அதற்குள் 10,000 அடி. எம்.எம்.ஓ. 0.82, வி.எம்.ஓ. (அதேபோல் சி.ஏ.எஸ். வரம்பு) 350 நாட் என்றால் எந்த உயரம் வரை மாக் உங்களைக் கட்டுப்படுத்தும், எங்கிருந்து சி.ஏ.எஸ். கட்டுப்படுத்தும்? ஏறத்தாழ 25,000 அடியில் மாறும். மாக்கைப் பிடித்து இறங்கும்போது சி.ஏ.எஸ். என்ன செய்யும்? ஸ்பாய்லரை விரித்தால் அதிர்வு எல்லைக்கு என்ன ஆகும்? அழுத்தம் போனதற்குக் காரணம் உடல்பகுதியில் ஓட்டை என்ற சந்தேகம் இருந்தால் அதே வேகத்தில் இறங்குவீர்களா? இதற்கு ஒரு பக்கம் எழுத முடிந்தால் தேர்வு அறைக்குப் போகலாம்.

இனி உங்கள் சின்னக் கேள்விகள். கேள்வித் தொகுப்பு வேண்டும்தான், பாடம் முடித்தபிறகு. சரியான விடையைத் தேர்ந்தெடுத்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள். மற்ற மூன்றும் எந்த நிலைமையில் சரியாக இருந்திருக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். வேகம் பாதியாகக் குறையும், ஆனால் திருப்பிப் போட்ட கேள்வி என்ற பயம் போய்விடும். விடை எண்ணை ஞாபகம் வைக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அந்தத் தொகுப்பைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள்.

கணக்கு அதிகம் வேண்டாம். வர்க்கமூலம், கோசைன், ஆயிரம் அடிக்கு 1.98 டிகிரி குறைவு, மொத்த வெப்பநிலைச் சூத்திரம் போதும். நுண்கணிதம் தெரியாதே என்று தயங்கத் தேவையில்லை, எந்த அளவு கூடும், எது குறையும் என்று திசை சொல்லத் தெரிந்தால் தாளில் பாதி முடிந்தது.

காக்பிட்டில் உட்கார்ந்ததில்லை என்பது தேர்வுக்குக் குறையே இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்தின் மேல்பலகைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். ஒரு பாடம் முடிந்ததும் அதில் அந்த சிஸ்டத்தின் விசைகளைத் தொட்டு, எது எதை நிறுத்தும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. இதற்காகப் பணம் கட்டி சிமுலேட்டர் நேரம் வாங்க வேண்டாம். அந்தப் பணம் பின்னால் வேறு பயிற்சிக்குத் தேவைப்படும்.

இரண்டு தாளையும் ஒரே சமயத்தில் எழுதலாமா என்றால், உங்கள் தேர்வு விதிகள் இடம் கொடுத்தால் எழுதுங்கள். சேர்த்துப் படித்ததைப் பிரித்து எழுதினால், இரண்டாவதுக்குள் முதலாவது பாதி மறந்துவிடும். ஒரே அமர்வில் அடுத்தடுத்த நாள் கிடைத்தால் ஏரோடைனமிக்ஸை முதல் நாள் வையுங்கள். சிஸ்டம்ஸ் தாளுக்கு எண்களைக் கடைசி இரவில் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். ஏரோடைனமிக்ஸுக்கு அந்த இரவு தேவைப்படாது.